வேடிக்கை பார்த்தவர்களா அவர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆபத்தில் கைகொடுத்த வீரர்களைப் பற்றி வெளியான கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 1976-இல் ஆர்மீனியாவின் யெரெவான் ஏரிக்குள் டிராலி பஸ் பாய்ந்தபோது, நீச்சல் வீரர் ஷவர்ஷ் கராபெத்யான் ‘மற்றவர்கள் வேடிக்கை பார்த்து நிற்க, தனியொருவராக 20 பேரை மீட்டார்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் பத்து மீட்டர் ஆழத்தில், கலங்கிய நீரில், திரும்பத் திரும்ப மூழ்கினார். பின்கண்ணாடியைக் காலால் உதைத்து உடைத்தார். உடம்பெல்லாம் கிழிபட்டு, நோயில் விழுந்து, விளையாட்டு வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தார். அவரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் தூக்கிவந்தவர்களை நீர்மட்டத்தில் வாங்கிக்கொண்டவர் அவருடைய சகோதரர் கமோ. நான்கு பக்கக் கட்டுரையில் அந்த இரண்டெழுத்துக்கு இடமில்லாமல் போய்விட்டதே!

‘வேடிக்கை பார்த்து நிற்க’ என்ற சொல் எனக்கு ஏன் இப்படிச் சுடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். 11 வயதில் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவள் நான். சடையைப் பிடித்து என்னை இழுத்தவர் ஒருவர்தான். அவர் இடுப்பில் கயிறு இருந்தது. மறுமுனையை ஏழெட்டுப் பேர் கரையில் நின்று பிடித்திருந்தார்கள். மணலில் கிடத்தியதும் ஒரு அம்மாள் என் மார்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாராம். கண் விழித்ததும் நான் பார்த்தது, குனிந்திருந்த அவர் மோவாயில் திரண்டு என் கன்னத்தில் சொட்டிய வியர்வையைத்தான். மறுநாள் செய்தித்தாளில் ஒரே படம், ஒரே பெயர். அந்த அம்மாள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னை இழுத்தவரைப் பல வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தை அவர் வீட்டில் வைத்திருக்கவில்லை. “இன்னொரு பிள்ளையோட கையும் தெரிஞ்சுதும்மா. நீ கிட்ட இருந்தே” என்றார். அதற்குமேல் பேசவில்லை. கராபெத்யானும், மனிதர் என்று நினைத்து ஒருமுறை இருக்கை மெத்தையைத் தூக்கிவந்ததையும், அந்த நேரத்தில் ஓர் உயிரைக் காத்திருக்கலாமே என்று அது கனவில் வந்து வாட்டுவதையும் சொல்லியிருக்கிறார். தங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்த மெத்தையை விட்டுவிட்டுப் பதக்கங்களை மட்டும் அடுக்கினால், அது அந்த மனிதருக்கே செய்யும் அநியாயம் இல்லையா?

இது முதல் தடவையும் இல்லை. 2018-இல் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது, முக்குளித்த வீரர்களை அட்டையில் போட்டீர்கள். சரிதான். இரவும் பகலும் நீர் இறைத்தவர்களைப் பற்றியோ, இறைத்த நீரைத் தங்கள் வயலில் வாங்கிப் பயிரைப் பறிகொடுத்த விவசாயிகளைப் பற்றியோ ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. உங்கள் தொடர்கதைகளிலோ, மீட்கப்படும் பெண் எப்போதும் மயங்கியே கிடக்கிறாள். கம்பனின் சீதை அப்படியா கிடந்தாள்? தூக்கிச் செல்கிறேன் என்ற அனுமனை மறுத்து, என் சொல்லாலேயே உலகங்களைச் சுடுவேன், அது இராமன் வில்லுக்கு மாசு என்றுதான் விட்டுவைத்தேன் என்றவள் அவள்.

யாராவது வரமாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கும் தெரியும். தண்ணீருக்குள் எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட கதை எங்கே வந்தாலும் விடாமல் படிக்கிறேன். ஆனால் தனி வீரரின் படத்தையே பார்த்து வளரும் பிள்ளைகள், கூட்டாளி மூழ்கினால் சட்டென்று குதித்துவிடுகிறார்கள். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போனான் என்ற செய்தியைத் தாங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! முதலில் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கரையிலிருந்தே கயிற்றையோ கொம்பையோ நீட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில், பிழைதிருத்தம் போடும் மூலையில், கமோவின் பெயரைப் போட்டுவிடுங்கள். ‘வேடிக்கை பார்த்து நிற்க’ என்பதை நீக்கிப் படிக்கவும் என்று ஒரு வரியும் சேர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி