சாலக்குடி டிராம்வே: மாடி அறையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள பழனி,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருப்பதைக் கேட்டு நிம்மதி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் மாடி அறையில் இருக்கிறது. பன்னிரண்டு அடி நீளப் பலகை மேல் பரம்பிக்குளம் காட்டையும் அதில் ஓடிய ரயிலையும் சின்ன மாதிரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டாப்ஸ்லிப் போனோமே, மலைச் சரிவில் மரங்களை உருட்டித் தள்ளியதால்தான் அந்தப் பேர் வந்தது என்று உன் மாமா சொன்னார், நினைவிருக்கிறதா? அதே மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் மரம் இறக்குவதற்காகவே ஒரு ரயில் பாதை போட்டிருந்தது, அதுதான் சாலக்குடி டிராம்வே. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி). 1907-ல் ஓடத் தொடங்கி 1963-ல் மூடிவிட்டார்கள். தேக்கும் ஈட்டி மரமும் அதில் சாலக்குடி வந்து, அங்கிருந்து பெரிய ரயிலில் கொச்சிக்குப் போயின. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1933-ல் கணக்கெடுக்க வந்து தங்கிய குரியார்குட்டியும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

நான் செய்வது 87-ல் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் மீட்டர் கேஜுக்குப் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. ஆனால் முழுப் பாதையையும் போட்டால் 900 மீட்டருக்கு மேல் போகும், நம் தெருவே போதாது. அதனால் ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், சரிவுப் பாதை. எனக்கு அந்த ரயிலின் உயிரே அதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த ஓரென்ஸ்டைன் கோப்பல் எஞ்சின்கள் சமதளத்தில்தான் இழுத்தன, செங்குத்தான இடங்களில் அவற்றுக்கு வேலை இல்லை. மேலே ஒரு பெரிய உருளை, அதில் எஃகு வடம், வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையாலேயே இறங்கும், இறங்குகிற வேகத்தில் காலி வண்டியை மேலே இழுத்துவிடும், பிரேக் பிடிக்க மட்டும் ஆள் நின்றால் போதும். நிலக்கரியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அடியில் சின்ன மோட்டார் வைத்து இழுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த மலையில் எடைதான் வேலை செய்தது, என் பலகையிலும் எடைதான் வேலை செய்ய வேண்டும். தோட்டத்து வேப்பங்குச்சிகளைத்தான் மரத்தடிகளாக வெட்டினேன் (ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 87 சென்டிமீட்டர் குறுக்களவு, நல்ல கனமான மரம்). ஆனால் அந்தக் குச்சிகளுக்கு எடை எங்கே இருக்கிறது? வண்டி அசையவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு குச்சியையும் துளைபோட்டு உள்ளே தூண்டில் ஈயக்குண்டு இறக்கி, மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து வாயை அடைத்தேன். வடத்துக்கு முதலில் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) கட்டினேன். அது ரப்பர் மாதிரி இழுபட்டு, வண்டி பாதியில் நின்று திடீரென்று பாய்ந்து, மேஜையிலிருந்து விழுந்து ஒரு சக்கரம் உடைந்துபோனது. இப்போது கனத்த பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் தேய்த்துக் கட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, பிரேக்கில் விரலை லேசாகத் தளர்த்தியதும் பாரவண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது, பக்கத்தில் காலி வண்டி ஏறி வந்தது. செல்வியை எழுப்பிக் காட்டினேன்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. சரிவின் இரண்டு பக்கமும் அடர்ந்த காடு வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய். அந்தப் பாதை போன இடமெல்லாம் மரம் வெட்டுவதற்காகத்தானே போனது? ஆகவே நட்ட மரங்களில் பாதியைப் பிடுங்கிவிட்டு, அடிக்கட்டைகளை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தீக்குச்சியை அரை சென்டிமீட்டர் வெட்டி, நுனியில் வெளிர் மஞ்சள் பூசினால் புதிதாக வெட்டிய கட்டை போலவே இருக்கிறது. இன்னும் நூறாவது வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வெட்டுப்படாத பெரிய தேக்கு ஒன்று நிற்கும், பரம்பிக்குளத்தில் இன்றும் நிற்கிற கன்னிமாரா தேக்கை நினைத்து. அதை நீ செய்து தர வேண்டும், உன் கை எனக்கு வராது. உயரம் 55 சென்டிமீட்டர் வைத்துக்கொள்.

தீபாவளிக்கு வரும்போது அதைக் கையோடு எடுத்து வா. பிரேக்கை நீயே பிடிக்கலாம்.

அன்புடன்,
சேகர்