பிப்ரவரி 24-ல் இரண்டு பத்தி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வந்தால் திருச்சி மேஜர் சரவணனின் படம் பத்திரிகைகளில் வருகிறது. கல்வான் பேச்சு எழுந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் பழனியின் பெயர் வருகிறது. வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்னால், காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்திலிருந்து கிளம்பிப் போய் இத்தாலி மண்ணில் உயிரை விட்ட சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கில்லை. எங்கள் மாவட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "யார் அது?" என்றுதான் பதில் வரும்.

யார் என்று சொல்லிவிடுகிறேன்.

1944 பிப்ரவரி. இத்தாலியில் காசினோ மலையைப் பிடிக்க முடியாமல் நேச நாட்டுப் படைகள் திணறிக்கொண்டிருந்த நேரம். மலை உச்சியில் இருந்த பழைய மடத்தை விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியது அந்த மாதம் 15-ம் தேதி. அந்தச் சண்டையில் இந்தியாவின் 4-வது டிவிஷன் இருந்தது, நம்ம ஊர் ஆட்கள் நிறைந்த மதராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, எல்லாருக்கும் முன்னால் போய் வழி பண்ணிக் கொடுப்பது என்று எல்லா வேலையும் பார்க்கிற படை. 1780-லிருந்து இருக்கிறது. ராணுவத்தில் இன்றைக்கும் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

காசினோவுக்குத் தெற்கே மிக்னானோ என்று ஒரு சின்ன ஊர். 24-ம் தேதி அதன் அருகே கண்ணிவெடி புதைத்த நிலத்துக்குள் சிலர் அடிபட்டுக் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கி வர வழி வேண்டும். சுப்பிரமணியனும் கூட ஒரு சிறு கூட்டமும் வெடியைக் கண்டுபிடிக்கும் கருவியோடு உள்ளே இறங்கினார்கள். ஓடிப் போய் செய்கிற வேலை இல்லை இது, ஒவ்வொரு அடியாகத் தரையைத் தடவிப் பார்த்துத்தான் நகர வேண்டும். அங்கே ஜெர்மன்காரர்கள் புதைத்து வைத்திருந்த ஒரு ரகம் காலை வைத்ததும் வெடித்துவிடாது. முதலில் சின்னதாக ஒரு சத்தம், பிறகு நாலு நொடி போல ஒன்றும் நடக்காது, அப்புறம் தரையை விட்டு இடுப்பு உயரத்துக்கு எம்பி வெடித்து, உள்ளே அடைத்திருக்கும் முந்நூற்றுச் சொச்சம் இரும்புக் குண்டுகளை நாலாபக்கமும் வாரி இறைக்கும்.

வழி திறந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. இருந்தது அந்த நாலு நொடிதான். இது எப்படி வெடிக்கும் என்று அங்கே நன்றாகத் தெரிந்த ஆள் சுப்பிரமணியன், அதுதானே அவர் தொழில். தரையோடு தரையாகப் படுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கவும் கூடும். அவர் போய் அந்த வெடியின் மேலேயே விழுந்து உடம்பால் மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு வயது முப்பதை அப்போதுதான் தாண்டியிருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுபேதார் என்பது சிப்பாயாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வரும் பதவி. அந்த இடத்தில் இருப்பவர் ஓரமாக நின்று "நீ போ, நீ போ" என்று ஆட்களை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் ஆட்களோடு ஆளாக உள்ளே போயிருக்கிறார். எனக்கு அந்த நாலு நொடியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். விக்டோரியா கிராஸுக்குச் சமமான பதக்கம், எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டும் வீரத்துக்கு என்று 1940-ல் ஏற்படுத்தியது. போர்க்களத்தில் அதைப் பெற்ற முதல் இந்தியர் இவர். 1945-ல் டில்லி செங்கோட்டையில் வைஸ்ராய் வேவல் அதை அவர் மனைவியின் கையில் கொடுத்தார்.

அதே செங்கோட்டையில், அதே வருஷக் கடைசியில் வேறொன்றும் நடந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு. நாடே கொந்தளித்தது, நியாயமாகத்தான் கொந்தளித்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் கொஞ்சநஞ்சமா? அந்த அலையில் பிரிட்டிஷ் ராஜாவின் படையில் இருந்தவன் யார் கண்ணிலும் படாமல் போனான் என்பதுதான் என் கணிப்பு. சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரன் கொடுத்த மெடலைப் பற்றிப் பெருமை பேச யாருக்கு மனம் வரும்? சிலையும் சாலைப் பெயரும் வேறு ஆட்களுக்குப் போயின. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 87,000 பேர். இந்தக் கூச்சத்தில் காணாமல் போனது சுப்பிரமணியன் மட்டுமில்லை.

"அது நம்ம சண்டையா சார்?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். இல்லைதான். நம்மைக் கேட்டா சண்டைக்குப் போனார்கள்? ஆனால் நடுகல் நட்ட காலத்தில் இந்தக் கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை. எந்த அரசன், எந்தப் பக்கம் நியாயம் என்று பார்த்துவிட்டா கல் நட்டார்கள்? மாடு மீட்கப் போனவன், ஊரைக் காக்க நின்று விழுந்தவன் என்று அவன் செய்த காரியத்தைத்தானே எழுதினார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் செத்த வீரன் கருந்தேவக்கத்தியோடு, கூடவே நின்று கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாய் கோவிவனுக்கும் உருவம் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். 1,400 வருஷமாகப் போகிறது. நாய்க்கே பெயர் எழுதி வைத்த மக்கள் நாம். கூட இருந்தவர்களைக் காப்பாற்றச் செத்த மனிதரின் பெயரைச் சொல்ல மட்டும் எந்த ராஜாவின் படை என்று விசாரிக்கிறோம்.

இத்தாலியில் பரவாயில்லை. சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறையில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்கள் 500 பேருக்கு மேல் நினைவுச் சின்னம் இருக்கிறது, சுப்பிரமணியன் பெயரும் அதில் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் புல் வெட்டி, சுத்தமாக வைத்திருக்கிறது. நம் பக்கத்திலோ, முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கற்கள் பல ஊர்களில் சுவரில் பதிந்து கிடக்கின்றன. எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், ஒரு பெயர் இருக்காது. அதன் மேலும் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடித்து எழுத்தே தெரியாமல் பண்ணிவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சிலை வேண்டாம், திறப்பு விழாவும் மாலையும் பிளக்ஸும் வேண்டவே வேண்டாம். வருகிற பிப்ரவரி 24 அன்று உங்கள் காஞ்சிபுரம் பதிப்பில் இரண்டு பத்தி போடுங்கள். மாவட்டப் பள்ளிகளில் அன்று காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் யாராவது ஒரு ஆசிரியர் ஐந்து நிமிஷம் இதைச் சொல்லட்டும், கல்வி அலுவலர் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம். அப்புறம், அந்தக் காலத்தில் சாப்பர்ஸில் இருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இதைப் படித்தால், வீட்டுப் பரணில் பழைய போட்டோ, சம்பளப் புத்தகம், கடுதாசி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லி இந்தக் கடிதத்தோடு சேர்த்து ஒரு அறிவிப்பும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்