சுவரில் சரியாக இறங்கிய வெட்டு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஓவியர் அண்ணனுக்கும், அவர் கைக்குத் துணை நின்ற எல்லாருக்கும்,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்ட வாழ்க்கை 40 அடி நீளம், 10 அடி உயரச் சுவரில் ஓவியமாக ஏறிவிட்டது. பொன்னாடையும் மாலையும் விழாவிலேயே போட்டாயிற்று. மேடையில் நேரம் போதாமல் விட்டுப்போன நன்றிகள் இவை.

முதலில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டிமாருக்கு. கரிக்கோட்டில் வந்த முதல் மரத்தில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கியிருந்தது. “இது எந்த ஊரு மரம்?” என்று கேட்டுவிட்டார்கள். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகை தாழ்வதுதான் வெட்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்க்குத்தாகப் போவதில்லை, மேலே ஏற ஏறச் சற்று வலப்பக்கம் சாயும். இடமிருந்து வலமாக இறங்கும் கோடுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். மாற்றிச் சீவினால் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) பால் குறையும்.

இன்னொரு திருத்தமும் அவர்களுடையதே. வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்குவது, ஆகவே சீவிய பட்டை கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் பட்டை போகும். உளி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மூன்றாவது மரத்தில் அண்ணன் அந்த முடிச்சையும் வரைந்திருக்கிறார். எல்லா மரமும் வழவழவென்று நின்றால் அது நாள்காட்டிப் படம்.

காண்டா வாளி (தோள்கம்பில் பால் சுமக்கும் வாளி), ஒட்டுப்பால் (வெட்டிலும் மங்கிலும் உறைந்த பால்) சாக்கு, பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எல்லாம் ஒரே அமர்வில் சரியாகிவிட்டன. புகைக்கொட்டாயில் தொங்கும் ரப்பர் சீட்டுகளுக்கு மட்டும் இரண்டு நிறம் வேண்டியிருந்தது: உருளையிலிருந்து வந்த ஈரச் சீட்டு வெளுப்பு, நான்கைந்து நாள் புகை குடித்தது தேன் நிறம்.

சுவரைத் தயார் செய்த கொத்தனார் தம்பிக்குத் தனி நன்றி. அடிப்பக்கம் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. சாயத்தை மேலே அப்பி மறைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு (நாங்களும்தான்). அவர் கேட்கவில்லை. சுவருக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த கால்வாயைத்தான் முதலில் சரி செய்தார். ஈரம் உள்ளிருந்து வரும்வரை எந்தச் சாயமும் கொப்பளித்து உரியும். பிறகு பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, 28 நாள் காயவிட்டார். புதுச் சிமெண்டின் காரம் சாயத்தைத் தின்றுவிடும். கடைசியில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டார். மறுநாள் தாளின் உட்பக்கம் வேர்த்திருந்ததால் மேலும் ஒரு வாரம் நிறுத்திவைத்தார். அந்த வாரம் அவரைத் திட்டியவர்கள் இப்போது நன்றி சொல்கிறோம்.

சாயக்கடை முதலாளி காரம் தாங்கும் அடிப்பூச்சு 5 லிட்டரை அடக்க விலைக்கே கொடுத்தார். மேற்கு வெயில் படும் சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும் என்று எச்சரித்தவரும் அவரே. அதனால் கைலிகளுக்கும் மண்ணுக்கும் இரும்பு ஆக்சைடுக் காவிதான். பிற்பகல் மழைக்குப் பயந்து வேலை காலை 7 மணிக்கே தொடங்கியது. சாரம் கட்டித் தந்த இளைஞர்கள் விடிகாலையே வந்தார்கள்.

பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தைக் காட்டும் பகுதியில் ஒரு தவறு நுழைந்திருந்தது. தொழிலாளரே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டும் காட்சி அது. கையில் மாமன்னர் படம் போட்ட நோட்டு! அது 1967-இல்தான் வந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் கவனித்துச் சொல்ல, அண்ணன் ஒரே மணி நேரத்தில் 1961-ஆம் ஆண்டின் எருமை உழும் பத்து வெள்ளி நோட்டாக மாற்றினார். கோபப்படவில்லை, தேநீர் மட்டும் கேட்டார்.

சுவரை அழுத்தக் குழாயால் கழுவ வேண்டாம், ஈரத்துணி போதும். மிஞ்சிய சாயம் நிறப் பெயர் எழுதி மண்டப அலமாரியில் இருக்கிறது. ஓவியத்தின் வலக்கோடியில் தோட்டப் பெயர்ப்பலகை மட்டும் சாயம் தீட்டாமல் வெள்ளையாகவே நிற்கிறது. அசல் பலகை பச்சையா நீலமா என்று பாட்டிமார் இன்னும் ஒத்துப்போகவில்லை. பழைய வண்ணப் படம் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், அண்ணன் தூரிகையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
சுவரோவியக் குழுவினர்