தூங்கக் கூடாத நாள்

யார்க்,
மே 18

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வார்டன் அம்மாவைவிடக் கடுமையாக விசாரிப்பாய். ஜூன் 9 காலை ஏழரைக்கு நீ மான்செஸ்டரில் இறங்குகிறாய் என்று தெரிந்த நாள் முதல் எனக்கு ஒரே கவலைதான்: அன்று இரவு ஒன்பது மணிவரை உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது எப்படி?

சிரிக்காதே. கோடையில் இந்த ஊர்க் கடிகாரம் நம் ஊரைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. இங்கே மாலை ஆறு அடிக்கும்போது உன் உடம்புக்கு இரவு பத்தரை. முதல் நாள் அந்த உடம்பின் பேச்சைக் கேட்டுப் படுத்துவிட்டால், நள்ளிரவில் விழித்து, அடுத்த நான்கைந்து நாள்களும் பகலில் கொட்டாவியும் இரவில் கூரையுமாகக் கழியும். நான் முதன்முதலாக வந்தபோது பிற்பகலில் 'ஐந்து நிமிடம்' என்று சாய்ந்து, இரவு பதினொன்றுக்கு எழுந்து, காலை என்று நினைத்துப் பல் துலக்கிய கதையை என் மகன் இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே அன்று உன்னை வீட்டுக்கே அழைத்து வரமாட்டேன். கட்டிலைக் கண்டால் உன்னை நம்ப முடியாது. விமான நிலையத்திலிருந்து யார்க்குக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தனியாக வந்தால் தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடுவாய் என்பதால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். யார்க் நிலையத்தில் பெட்டிகளை மட்டும் மகன் வாங்கிக்கொண்டு போவான். அங்கிருந்து நடந்தால் சிறிது தூரத்தில் ஆறு. அதைத் தாண்டியதும் இடிந்த புனித மேரி மடாலயம் நிற்கும் பூங்கா. உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதற்குப் பகல் வெளிச்சத்தைவிட நல்ல மருந்து இல்லை என்பதால், குடை பிடிக்கும் மழையானாலும் அங்கே நடந்தே ஆக வேண்டும். பேராலயக் கோபுரத்தின் 275 படிகளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். பெட்டீஸ் தேநீரகத்தின் மாடியறையில் பிற்பகல் தேநீருக்கு இடம் பதிந்திருக்கிறேன். முதலில் பன்னிரண்டு மணிக்குத்தான் கேட்டேன். அது நம் ஊரில் நாலரை, நீ காப்பிக்கு அலையும் நேரம். பிறகு யோசித்தபோது, ஆபத்தான நேரம் அதுவல்ல, மாலைதான் என்று பட்டது; மூன்றரைக்கு மாற்றிவிட்டேன். தேயிலையும் சர்க்கரையும் சேர்ந்து உன்னை அந்த இறக்கத்தைக் கடத்திவிடும். மூன்றடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்னும் சின்ன ரொட்டி, மேலே கேக் என்று வரும். மீன் வைத்த சாண்ட்விச் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஸ்கோனில் முதலில் ஜாமா கிரீமா என்று தெற்கே கார்ன்வாலும் டெவனும் தீராத வழக்கு நடத்துகின்றன. யார்க்‌ஷயருக்கு அதில் சம்பந்தமில்லை, உன் இஷ்டம்போல் பூசிக்கொள்.

அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டீஸை 1919-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்துக்காரர், குயீன் மேரி கப்பலின் முதல் பயணத்தில் அதன் அழகில் மயங்கி, அதே பாணியில் 1937-இல் இந்த யார்க் கடையைத் திறந்தார். சில ஆண்டுகளிலேயே போர் வந்தது. சுற்றுவட்டார விமானத் தளங்களின் இளைஞர்கள் இங்கே குடிக்க வந்து, ஒரு கண்ணாடியில் வைர முனைப் பேனாவால் தங்கள் பெயர்களைக் கீறினார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இன்றும் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. விடுதி மேசையில் காம்பஸ் முனையால் செதுக்கிப் பன்னிரண்டு ரூபாய் அபராதம் கட்டியவள் இதைப் பார்க்க வேண்டாமா? முதல் தடவை நான் சிரித்துக்கொண்டேதான் படிக்கத் தொடங்கினேன். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

கோமதி, இவ்வளவும் எழுதிவிட்டு எனக்கே கூசுகிறது. அவருக்கு மருந்து கொடுப்பதற்காக இரண்டு வருடம் மூன்று மணிக்கு எழுந்தவள் நீ. அவர் போன பிறகும் அதே மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்று பிப்ரவரியில் எழுதியிருந்தாய். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் நான் எழுதவே இல்லை. உன்னைப் போய்த் தூங்காதே என்று சொல்கிறேன். மிகவும் முடியாவிட்டால் பூங்காவில் இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரவு எட்டுக்கு ரசம் சாதம். அப்போதும் வெளிச்சம் இருக்கும், ஜூனில் இங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். உன் அறைக்குக் கனத்த திரை போட்டிருக்கிறேன். எப்படியும் மூன்று மணிக்கு எழுந்துவிடுவாய், அது ஜெட்லாகின் வழக்கமும்கூட. என் கதவைத் தட்டு. மூன்றரைக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். பின்கட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

பால்கோவா கொண்டுவராதே, பால் பண்டங்களை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். காப்பித்தூள் மட்டும் ஒரு கிலோ, சிக்கரி குறைவாக.

உன்,
வசந்தா