கையெழுத்து போட்டவங்கட பேரையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மதத்தீவிரவாதம் பற்றி போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வந்த கட்டுரைய வாசிச்சன். நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா பொதுபல சேனா அமைப்பிட ஞானசார தேரர், ஈஸ்டர் குண்டுத் தாக்குதல நடத்தின சஹ்ரான் எண்டு ரெண்டு பேரையே சுத்தி சுத்தி வந்து கடைசில மதத்தையும் அரசியலையும் கலக்கக் கூடாது எண்டு முடிச்சிட்டீங்க, அத யார்தான் சொல்லல்ல, பார்லிமென்ட்ல இருக்கிற 225 பேரும் அதத்தான் சொல்லுறாங்க. எனக்கு அதில ஒரு மனத்தாங்கல், அதான் எழுதுறன். நீளமா போனா வெட்டிப் போடுங்க, கருத்த மட்டும் வெட்டாதீங்க.

இந்த நாட்டில ஒரு ஹாமதுருவோ (பிக்குவோ) மௌலவியோ தனிய நிண்டு மைக்ல கத்தினதால மட்டும் ஒரு ஊர் எரிஞ்சதில்ல. முன்னாலயோ பின்னாலயோ எங்கயாவது ஒரு அரசியல்வாதிட கையெழுத்து இருக்கும், இல்லாட்டி போட வேண்டிய கையெழுத்த போடாம இழுத்தடிச்ச ஒராள் இருப்பார். அந்தாள்ட பேர் மட்டும் எப்பவும் கடைசிப் பந்தியில கூட வராது.

ஞானசார தேரர்ட கதையையே எடுப்பம். காணாமப் போன பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொடட வழக்கு நடந்த கோர்ட்டுக்குள்ள போய் சத்தம் போட்டு, அவர்ட மனைவியையும் மிரட்டினதுக்காக 2018 ஆகஸ்ட்ல கோர்ட் அவமதிப்பு எண்டு ஆறு வருசம் தண்டனை குடுத்தாங்க. ஒரு வருசமும் முடியல்ல. 2019 மே மாசம், ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு நாடே நடுங்கிக்கொண்டு இருந்த நேரம், மினுவாங்கொடையிலயும் குளியாப்பிட்டியிலயும் முஸ்லிம் கடையள எரிச்சு ரெண்டு கிழமையும் ஆகல்ல, அப்ப பாத்து பொதுமன்னிப்பு. கையெழுத்து ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2021 ஒக்டோபர்ல அதே தேரர் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு தலைவர், கையெழுத்து அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ராஜபக்ச. கோர்ட்டை அவமதிச்சு ஜெயிலுக்குப் போனவர் நாட்டுக்கு எப்படி சட்டம் இருக்கணும் எண்டு சொல்லப்போறார், அந்தச் செயலணில முதல்ல போட்ட லிஸ்ட்ல தமிழர் ஒராளும் இல்ல. இப்ப சொல்லுங்க, இந்தக் கதையில ஏச்சு வாங்க வேண்டியது தேரர் மட்டுமா?

சட்டம் இல்லாம இல்ல. 2007ல ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டம் எண்டு ஒண்டு வந்திச்சு, இன மத வெறுப்பத் தூண்டினா பத்து வருசம் வரைக்கும் உள்ள போடலாம், பிணை வேணுமெண்டா ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும், அவ்வளவு பல்லுள்ள சட்டம். 2014 ஜூன்ல அளுத்கமயில பொதுபல சேனாட கூட்டம் நடந்து முஸ்லிம்கள் வாழுற தர்கா டவுன் எரிஞ்சப்ப அது அலுமாரியில தூங்கிச்சு. 2019ல எழும்பி என்ன செய்திச்சு தெரியுமா, ஏப்ரல்ல விகாரைய வச்சு ஒரு சிறுகதை எழுதின சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவ பிடிச்சு நாலு மாசம் உள்ள வச்சிச்சு, மே மாசம் ஹசலகயில ஒரு முஸ்லிம் பொம்பிள போட்டிருந்த சட்டையில கிடந்த கப்பல் சுக்கான் படத்த தர்மச்சக்கரம் எண்டு சொல்லி அவவயும் ரிமாண்ட்ல போட்டாங்க. சுக்கானுக்கு ரிமாண்ட், ஊர எரிச்சவனுக்கு பொலிஸ் பாதுகாப்பு.

இது ஒரு கட்சிட வேல எண்டு நினைக்கவேணாம். அளுத்கம மகிந்த ராஜபக்சட காலம், அதால கோபப்பட்ட முஸ்லிம் சனம் 2015ல மைத்திரி, ரணில் கூட்டிட நல்லாட்சிக்கு வோட்ட அள்ளிப் போட்டிச்சு, அந்த நல்லாட்சிலதான் 2018ல அம்பாறையும் திகனயும் எரிஞ்சிச்சு. அம்பாறையில முஸ்லிம் கடைச் சாப்பாட்டுக்குள்ள மலட்டு மாத்திரை எண்டு கதை கட்டினாங்க, பிறகு டெஸ்ட் பண்ணிப் பாத்தா வெறும் மாக்கட்டி. 2019ல குருநாகல்ல டொக்டர் ஷாபிக்கு நடந்ததும் இதே கதைதான், நாலாயிரம் சிங்களப் பொம்பிளையளுக்கு கள்ளமா கருத்தடை செய்தார் எண்டு ஒரு சிங்களப் பேப்பர் முன்பக்கத்தில போட்டிச்சு, யார் எப்ப எங்க எண்டு ஒண்டும் இல்ல. சிஐடி தேடி ஒரு ஆதாரமும் கிடைக்கல்ல. 2022ல நிலுவைச் சம்பளத்த குடுத்தாங்க, மனுசன் அந்தக் காச அப்படியே ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கக் குடுத்திட்டார். ஆனா அந்தக் கதைய மேடை மேடையா கொண்டுபோனவங்க 2019 நவம்பர் எலெக்சன்ல வெண்டு பதவியில போய் உக்காந்திட்டாங்க, ஒருத்தரும் சொறி எண்டு கூட சொல்லல்ல.

சஹ்ரான்ட விசயத்திலயும் இப்படித்தான். அவர்ட சொந்த ஊர் காத்தான்குடி ஆக்களே அவரப் பற்றி பொலிஸ்ல முறைப்பாடு குடுத்தவங்க, 2017 மார்ச்ல அலியார் சந்தியில வாளோட அடிபாடு நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முதல் 2015 பொதுத்தேர்தல்ல அவர்ட ஆக்கள்ட வோட்டு வேணுமெண்டு அவரோட உடன்படிக்கை செய்த வேட்பாளர்மாரும் இருந்தாங்க. 2019 ஏப்ரல் 4ம் திகதி இந்தியாவில இருந்து எச்சரிக்கை வந்தும் ஒருத்தரும் அசையல்ல, 21ம் திகதி கொச்சிக்கடையிலயும் கட்டுவாப்பிட்டியிலயும் எங்கட மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலயும் கொழும்பு ஹோட்டல்களிலயும் பிள்ளையள் உட்பட 260க்கு மேல சனம் செத்துப்போச்சு. 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சிறிசேனவ பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது எனக்குத் தெரிய முதல் தடவையா கையெழுத்துக்காரன்ட பேர நேரடியா சொன்ன தீர்ப்பு. அதுவும் கடமைய செய்யாததுக்குத்தான்.

கொவிட் நேரம் முஸ்லிம் ஜனாசாவ (செத்தவங்கட உடல) எரிச்சதையும் மறக்கேலாது. புதைக்கலாம் எண்டு உலக சுகாதார அமைப்பே சொல்லியிருக்க, 2020 ஏப்ரல்ல எரிக்கத்தான் வேணும் எண்டு கெசட் அடிச்சாங்க, டிசம்பர்ல பிறந்து 20 நாள் ஆன ஒரு குழந்தையையும் பெத்தவங்கட சம்மதம் இல்லாம எரிச்சாங்க. இதுக்கு நடுவுல ஒக்டோபர்ல ஜனாதிபதிட அதிகாரத்த கூட்டுற 20ம் திருத்தச் சட்டம் வந்தப்ப எதிர்க்கட்சியில இருந்த சில முஸ்லிம் எம்பிமாரே கை தூக்கி ஆதரிச்சாங்க. மையத்த எரிக்கிற அரசாங்கத்துக்கு இன்னும் அதிகாரம் வேணுமாம்! பிறகு பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்திட்டுப் போனதும் கெசட்டை மாத்தி மட்டக்களப்பு ஓட்டமாவடியில புதைக்க விட்டாங்க. கிருமி அந்தக் கிழமையில சாதுவாகிட்டுதோ?

இனி எங்கட தமிழ் ஆக்கள்ட பக்கம். இத எழுதினா ஊருக்குள்ள சிலருக்கு கோபம் வரும், வரட்டும். 2019 ஜூன்ல கல்முனை வடக்கு பிரதேச செயலகத்த தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் நடந்திச்சு. கோரிக்கை நியாயமானது, எத்தனையோ வருசமா இழுபடுற பிரச்சினை, அதில எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா அப்ப எம்பியா இருந்த அத்துரலியே ரத்தன தேரர் வந்தார், மன்னிப்பில வெளிய வந்து ஒரு மாசமே ஆன ஞானசார தேரரும் வந்தார், அவர் வாக்குறுதி குடுத்துத்தான் உண்ணாவிரதமே முடிஞ்சிச்சு. எங்கட ஆக்கள் சந்தோசமா வரவேற்றாங்க, முஸ்லிம்கள அடக்க இவர்தான் சரி எண்டு பேஸ்புக்ல எழுதினதும் எங்கட பொடியன்மார்தான். மூண்டு மாசம் கழிச்சு செப்டம்பர்ல முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயில்ல என்ன நடந்திச்சு? கோயில் வளவில எரிக்கவேணாம் எண்டு கோர்ட் சொல்லியும் இறந்துபோன ஒரு பிக்குட உடல தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில வச்சு எரிச்சாங்க, கேள்வி கேட்ட தமிழ் வக்கீலுக்கு அடி, பொலிஸ் சுத்தி நிண்டு பாத்துக்கொண்டு இருந்திச்சு. அங்கயும் முன்னுக்கு நிண்டது அதே ஞானசார தேரர்தான். கல்முனைல வரவேற்ற அரசியல்வாதிமார் நீராவியடிக்குப் பிறகு கண்டன அறிக்கை விட்டாங்க, ஜூன் மாசத்தப் பற்றி வாய் திறக்கல்ல. பிரதேச செயலகமும் வரல்ல, கோயிலும் காப்பாத்தப்படல்ல.

தமிழனுக்கு இந்த நாட்டில இதைப் பற்றி ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 1958 ஏப்ரல்ல பிரதமர் பண்டாரநாயக்க தன்ட வீட்டு வாசல்ல பிக்குமார் வந்து குந்தினதும் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோட செய்த ஒப்பந்தத்த கிழிச்சவர். அடுத்த வருசம் அவர சுட்டதும் ஒரு பிக்குதான், பின்னால நிண்டவர் 56 எலெக்சன்ல அவருக்காக ஓடித்திரிஞ்ச களனி விகாராதிபதி புத்தரக்கித்த, கேட்ட கப்பல் கொந்தராத்து கிடைக்காத கோபம் எண்டு வழக்கில வந்திச்சு. மதத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவும் தெரிஞ்ச நாங்களே கல்முனைல பந்தலுக்குள்ள கூட்டிக்கொண்டு போய் இருத்தினம் எண்டா பிறகு மத்தவங்கள என்ன சொல்லுறது.

உங்களிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் இப்படி ஒரு செய்தி போடுற நேரம் கத்தினவர்ட பேரோட அந்தப் பகுதி எம்பி யார், பொலிஸ் பொறுப்பதிகாரி என்ன செய்தார், எந்த அமைச்சர் கெசட்டில கையெழுத்துப் போட்டார், மன்னிப்புப் பேப்பர் யார்ட மேசையில இருந்து வந்திச்சு எண்டும் சேத்துப் போடுங்க. 2019 ஜூன் மாசத்துப் பேப்பர்கள் உங்கட ஆபீஸ்ல கட்டாயம் இருக்கும், கல்முனைப் பந்தல்ல தேரரோட யார் யார் நிண்டாங்க எண்டு போட்டோவப் பாத்து பேரோட ஒருக்கா போடுங்க பாப்பம். அதில சிலர் அடுத்த எலெக்சன்லயும் எங்கட வீட்டுக்கு வோட்டு கேட்டு வருவாங்க, கேக்க என்னட்ட கேள்வி இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாண்டிருப்பு, கல்முனை.