வண்ண மீட்டர் வாங்குமுன் திரை எதுவென்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி மலிவு விற்பனை தொடங்கிவிட்டால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெரிய டிவியும் புரொஜெக்டரும் வேகமாக விற்றுப்போகும். அண்மைக் காலமாக அவற்றோடு, திரையின் நிறத்தையும் ஒளியையும் அளந்து சரிசெய்ய உதவும் வண்ண மீட்டரும் கேட்டு சிலர் அலைகிறார்கள்: வீட்டில் படம் பார்க்கவென்றே அறை ஒதுக்கியவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், தேவானில் (மண்டபத்தில்) புரொஜெக்டர் மாட்டியிருக்கும் ஆலய நிர்வாகத்தினர். எதை வாங்கலாம் என்று கேட்டால் விலையைச் சொல்லித்தான் பதில் வருகிறது. எந்தத் திரையை அளக்கப் போகிறீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கைத்தொலைபேசிச் செயலியே போதும் என்பவர்களுக்கு ஒரு வரி: போன் கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், அதை வைத்து வெள்ளையை அளக்க முடியாது.

மீட்டரில் இரண்டு வகை உண்டு. கலரிமீட்டர் மூன்று வண்ண வடிகட்டிகள் வழியே ஒளியைப் பார்த்து எண்ணாகத் தரும். ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒளியை வானவில்லாகப் பிரித்து அலைநீளவாரியாக அளக்கும். பிந்தியது விலை கூடியது என்பதால் அதுவே மேல் என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டுத் திரையை அளக்க அப்படியில்லை. பலரும் தேடும் ஐ1புரோ 2 என்ற ஸ்பெக்ட்ரோமீட்டரின் கீழ் எல்லை 0.2 நிட் (நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு). படத்தின் கறுப்பும் ஆழ்ந்த நிழல்களும் அதற்கும் கீழே போகும். அதோடு, வேலைக்கு நடுவே அடிக்கடி மீட்டரோடு வரும் வெள்ளைத் தகட்டின் மேல் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். கலரிமீட்டர் இருட்டையும் சீக்கிரம் படிக்கும்.

கலரிமீட்டரின் குறை வேறிடத்தில் இருக்கிறது. மனிதக் கண் நிறத்தை உணரும் விதத்தை சிஐஇ என்ற அனைத்துலக ஒளியியல் ஆணையம் 1931-இல் வளைவுகளாக வகுத்தது. எந்த வடிகட்டியும் அந்த வளைவுகளோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. அந்த இடைவெளி எவ்வளவு பிழையாகும் என்பது எதிரே இருக்கும் ஒளியைப் பொறுத்தது. வெள்ளை எல்இடி பின்னொளி, குவாண்டம் டாட், ஓஎல்இடி, புரொஜெக்டரின் பாதரச விளக்கு, மூவண்ண லேசர் எல்லாமே கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரியலாம். வடிகட்டிக்கு அப்படித் தெரியாது. அதனால்தான் திரை வகையை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் ஆயிரம் ரிங்கிட் மீட்டரும் தப்பான வெள்ளையைத் துல்லியமாகக் காட்டும்.

திரை வகைக்கு ஏற்ப மீட்டரின் பிழையைச் சரிக்கட்ட மென்பொருள் பயன்படுத்துவது திருத்தக் கோப்பு. அதில் இரண்டு விதம். சிசிஎஸ்எஸ் என்பது அந்தத் திரை வகையின் ஒளி அமைப்பு. மீட்டர் தன் வடிகட்டிகளின் குணத்தைத் தனக்குள் பதிந்து வைத்திருந்தால் யார் எடுத்த சிசிஎஸ்எஸ் கோப்பும் பயன்படும். சிசிஎம்எக்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட மீட்டருக்கும் ஒரு குறிப்பிட்ட திரைக்கும் போட்ட கணக்கு. அடுத்தவரின் சிசிஎம்எக்ஸை இறக்கிப் போட்டுக்கொண்டு 'முன்னைவிட மோசமாகிவிட்டது' என்று புலம்புபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

எங்கள் பரிந்துரை, எக்ஸ்-ரைட் 2011-இல் கொண்டுவந்த ஐ1டிஸ்ப்ளே புரோ வழிவந்த கலரிமீட்டர். அந்த வரிசையை 2021 முதல் கேலிபிரைட் என்ற பெயரில் விற்கிறார்கள். டிஸ்ப்ளே புரோ எச்எல் 3000 நிட் வரையும், பிளஸ் எச்எல் 10,000 நிட் வரையும் அளக்கும். வீட்டு டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவதே தாராளம். பழைய கலர்மங்கி டிஸ்ப்ளேயும் இதே குடும்பம்தான். மெதுவாகப் படிக்கும், பொறுமை இருந்தால் போதும். வேறு நிறுவனத்தின் ஸ்பைடர்எக்ஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் மூடி போட்டு இருட்டு அளவு எடுக்கும் படியைத் தாண்டக் கூடாது. மீட்டர் சூடேறினால் அந்த அளவு நகரும், மறுபடி எடுக்க வேண்டும்.

இணையத்தில் பழைய மீட்டர் வாங்குவோர் நம்மூர் ஈரப்பதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ1டிஸ்ப்ளே 2, ஸ்பைடர் 2 காலத்து வடிகட்டிகள் வயதிலும் ஈரத்திலும் நிறம் மாறும். பெட்டி பிரிக்காதது என்று சொன்னாலும் வேண்டாம். பழைய ஐ1புரோ வாங்கினால், வெள்ளைத் தகட்டில் உள்ள வரிசை எண்ணும் மீட்டரின் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். வேறு தகடு என்றால் எல்லா அளவும் தள்ளிப்போகும். மானிட்டர் நிறுவனங்களின் பெயரில் வரும் மீட்டர்கள் சில, மற்ற மென்பொருளில் திறக்காமல் அடம் பிடிக்கும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். டிவிக்கும் புரொஜெக்டருக்கும் எச்சிஎஃப்ஆர், கணினித் திரைக்கு டிஸ்ப்ளேகால், இரண்டும் இலவசம். மீட்டரைச் செருகியும் தெரியவில்லை என்றால், மீட்டரோடு வந்த நிறுவன மென்பொருள் பின்னணியில் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதை மூடிவிட்டுப் பாருங்கள். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழி படம் கொடுக்கும்போது இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியை அணைத்துவிட வேண்டும். கறுப்பு முதல் வெள்ளை வரையிலான ஆர்ஜிபி எண்கள் முழு அளவா (0 முதல் 255), 16 முதல் 235 வரையா என்பது மடிக்கணினியிலும் திரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கறுப்பு சாம்பலாகும், அல்லது நிழல்கள் விழுங்கப்படும்.

டிவி வேலை சுருக்கமானது. அரை மணி நேரம் ஓடவிட்டு, சினிமா மோடு போட்டு, தானியங்கி ஒளிக் குறைப்பை அணையுங்கள். இருட்டு அறையில் உச்ச வெள்ளை 100 நிட் சுற்றி இருக்கட்டும். 80 விழுக்காட்டுச் சாம்பல் நிறத்தில் கெயினையும் (வெளிச்சப் பகுதியின் நிறத்தை மாற்றுவது) 30 விழுக்காட்டில் ஆஃப்செட்டையும் (இருட்டுப் பகுதியின் நிறத்தை மாற்றுவது) மாற்றி மாற்றித் திருத்தி, மீட்டர் காட்டும் நிற எண்களை வெள்ளைக்கான x 0.3127, y 0.3290-க்குக் கொண்டுவாருங்கள். கூடுதலாக இருக்கும் நிறத்தைக் குறைப்பது நல்லது. குறைவானதை ஏற்றினால் உச்ச வெள்ளை வெட்டுப்படும். ஓஎல்இடியில் முழுத் திரை வெள்ளை போடாதீர்கள், டிவி தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். 10 விழுக்காட்டுப் பரப்புள்ள சதுரம் போதும்.

ஆள் தடுமாறுவது புரொஜெக்டரில்தான். மீட்டரை லென்ஸைப் பார்த்து வைத்தால் விளக்கின் நிறம் மட்டுமே கிடைக்கும். நம் மண்டபங்களில் பாதி, வெண்மஞ்சள் பெயிண்ட் அடித்த சுவரில் படம் காட்டுகின்றன. அந்த மஞ்சளும் கணக்கில் வர வேண்டும். ஆகவே மீட்டரை முக்காலியில் பொருத்தி, சுவரிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி, கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அளக்கும் இடத்தில் அதன் நிழல் விழக் கூடாது. மீட்டர் முகத்தில் உள்ள வெள்ளை மூடியைத் திருப்பி ஒதுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அது அறை ஒளியை அளப்பதற்கானது. வண்ணச் சக்கரம் சுழலும் டிஎல்பி வகைப் புரொஜெக்டர் என்றால் மென்பொருளில் ரெஃப்ரெஷ் வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

நேரம், இரவு 8 மணிக்குப் பிறகு. விளக்கையெல்லாம் அணைத்தும் கறுப்பில் பச்சை கூடுதலாகக் காட்டினால், கதவுக்கு மேலே 'கெலுவார்' (வெளியேறும் வழி) என்று பச்சையாக எரியும் பலகையைப் பாருங்கள். மண்டபத்தில் ஆளில்லாதபோது கறுப்புத் துணியால் மறைத்து அளந்துவிட்டு, உடனே துணியை எடுத்துவிடுங்கள். ஏர்கான் காரிலிருந்து இறக்கிய மீட்டர் மண்டப வெக்கையில் பனி பிடிக்கும். கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

இருட்டு அறையில் 48 முதல் 55 நிட் கிடைத்தால் திரையரங்கு அளவு. பாதரச விளக்கில் பச்சை கூடுதல், சிவப்பு குறைவு. வெள்ளையைச் சரிசெய்யும்போது ஒளி கணிசமாகக் குறையும். பெரிய மண்டபத்தில் அது கட்டுப்படியாகாவிட்டால், இருட்டுக் காட்சிக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என புரொஜெக்டரில் இரண்டு அமைப்புகளாகச் சேமியுங்கள். மூவண்ண லேசரில் மீட்டர் சரி என்றாலும் ஒருவர் கண்ணுக்கு இளஞ்சிவப்பாகவும் இன்னொருவர் கண்ணுக்குப் பச்சையாகவும் தெரியலாம். அங்கே கடைசி முடிவைக் கண்ணுக்கு விடுவதில் தப்பில்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் தேவையில்லை. டிவியை ஆண்டுக்கு ஒருமுறையும் விளக்கு புரொஜெக்டரைச் சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளந்தால் போதும். ஆலயம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இரண்டு மூன்று வீடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கேமரா வைக்கும் டிரை பாக்ஸில் வைத்து, கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டு வையுங்கள்: எந்தத் திரை, எந்தத் திருத்தக் கோப்பு, விளக்கு ஓடிய மணி, அளந்த தேதி.

இப்படிக்கு,
திரை, ஒலி அமைப்பு வேலை செய்யும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.