சென்னையில் டேவிஸ் கோப்பை நடந்தால் பந்து எடுக்க எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்

மாநில விளையாட்டுத் துறைக்கும் டென்னிஸ் சங்கத்துக்கும் வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறவர்களும், ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுகிறவர்களும், நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். நாடுகளுக்கு இடையே நடக்கும் ஆண்கள் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையின் ஆட்டம் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் அடுத்து எப்போது வந்தாலும், பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளை வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து எடுங்கள்.

டேவிஸ் கோப்பையில் சொந்த மண் என்பது வெறும் பேச்சு இல்லை. இரண்டு நாடுகள் போன முறை அங்கே ஆடியிருந்தால் இந்த முறை இங்கே. ஆட்டத்தை நடத்தும் நாடுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். 1987 அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே புல்தரையில் வென்ற நம் அணியை, இறுதிப் போட்டியில் ஸ்வீடன் கூரைக்குக் கீழே களிமண் தரை போட்டு வரவேற்றது. 5-0 என்று தோற்றோம். 2010 செப்டம்பரில் நம் முறை வந்தது. சென்னையில் பிரேசிலிடம் முதல் நாள் இரண்டு ஆட்டத்தையும் இழந்த இந்தியா 3-2 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் சோம்தேவுக்கு எதிராக ஆடிய பெலூச்சி வெயில் தாங்காமல் பாதியில் விலகினார். எதிரணியைச் சாய்த்த அந்த வெயிலில் வரிசையாக ஐந்து ஆட்டத்துக்குப் பந்து எடுக்க யாரால் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். காசிமேட்டுக் கடற்கரையிலும் கொருக்குப்பேட்டைத் தெருவிலும் மதியம் மூன்று மணிக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. வெயில் பழகியவர்கள் என்பதற்காகக் கவனிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறோம்.

இப்போது ஆட்டம் இரண்டு நாள். முதல் நாள் இரண்டு ஒற்றையர், மறுநாள் ஓர் இரட்டையர், பிறகு எதிராளியை மாற்றி ஆடும் மாற்று ஒற்றையர் இரண்டு. எல்லாமே மூன்று செட் ஆட்டம். களத்தில் ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகள் வேண்டும். வலைக் கம்பத்தருகே இரண்டு பேர், நான்கு மூலைக்கும் ஒவ்வொருவர். ஒரு குழுவை முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு கால் ஓடினாலும் கவனம் ஓடாது. நான்கு குழு என்றால் 24 பேர், மாற்றுக்கு ஆறு பேர், ஆக மொத்தம் 30. எட்டுப் பள்ளிகளிலிருந்து மூன்று நான்கு பேராக எடுத்தால் முடிந்துவிடும்.

வேலையைப் பார்க்க லேசாகத் தெரியும். சிக்கல் பந்தின் கணக்கில்தான். களத்தில் ஆறு பந்து சுழலும். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் எந்தப் பக்கம் எத்தனை என்று ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பகுதி சர்வ் போடுகிறவர் பக்கம் இருக்க வேண்டும். பந்தைத் தூக்கி எறியக் கூடாது, உருட்ட வேண்டும். கையைத் தரையோடு ஒட்டி விட்டால்தான் பந்து துள்ளாமல் போகும். வலையிலிருந்து பின்கோடு வரை கிட்டத்தட்ட 12 மீட்டர். அந்தத் தூரத்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே நேராகக் கடக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. ஆட்டக்காரர் கேட்டால் கையை மேலே நீட்டிக் காட்டி, ஒரே துள்ளலில் அவர் நெஞ்சு உயரத்துக்கு வருகிற மாதிரி கொடுக்க வேண்டும். அவர் சர்வுக்கு நின்றுவிட்டால் அப்புறம் அசையக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு பந்து கை நழுவி உள்ளே உருண்டால், அந்தப் பாயிண்டையே மறுபடி ஆடச் சொல்ல வேண்டி வரும்.

தேர்ந்த பிள்ளைகளே தடுமாறுகிற இடம், செட் 6-6 என்று சமமானால் ஆடும் டைபிரேக். முதல் பாயிண்டுக்குப் பிறகு சர்வ் கை மாறும், பிறகு இரண்டு இரண்டு பாயிண்டுக்கு ஒரு முறை மாறும். ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை ஆட்டக்காரர்கள் பக்கமும் மாறுவார்கள். பந்துகள் அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாரத்துக்கு மூன்று மாலை வீதம் மூன்று வாரம் போதும். கபடியிலும் கால்பந்திலும் ஊறிய வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு ஓட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அசையாமல் நிற்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

செப்டம்பர் ஆட்டம் என்றால் காலாண்டுத் தேர்வு பக்கத்தில் வரும். அதனால் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு ஏழு, எட்டு, ஒன்பதில் எடுங்கள். தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கடைசி வாரத்தில் வந்தால் பெற்றோர் சம்மதம் கிடைக்காது. நாடுகளின் குலுக்கல் முடிந்து ஊர் முடிவான அன்றே அனுப்பிவிடுங்கள். ஷூவை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்குப் போட்டு வரும் ஷூவின் கறுப்பு அடிப்பாகம் கோர்ட்டில் கோடு இழுக்கும். புது ஷூவை அன்றைக்கே மாட்டினால் குதிகால் கொப்பளிக்கும். தொப்பி, உப்புப் போட்ட மோர், ஓய்வறையில் நிழலும் மின்விசிறியும் வேண்டும். ஆட்டம் இரவு எட்டு மணி தாண்டினால் எண்ணூர் வரை வீட்டு வாசலில் இறக்கிவிட வண்டி வேண்டும். பீச் ஸ்டேஷனில் ரயில் மாறிப் போகச் சொல்லாதீர்கள். பெண் பிள்ளைகள் இதில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வண்டி இல்லாவிட்டால் அவர்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுக்கும் களத்தில் வேலை இருக்கிறது. டேவிஸ் கோப்பையில் ஒரே வலையில் ஒற்றையரும் இரட்டையரும் நடக்கும். ஒற்றையர் ஆட்டத்துக்கு, ஒற்றையர் பக்கக்கோட்டிலிருந்து 0.914 மீட்டர் வெளியே, 1.07 மீட்டர் உயரத்தில் இரண்டு குச்சிகளை வலைக்கு அடியில் நிறுத்த வேண்டும். இரட்டையருக்கு எடுத்துவிட வேண்டும். மறுநாள் இரட்டையர் முடிந்த அவசரத்தில் குச்சியை மறந்தால் அந்த இடத்தில் வலை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும், கோட்டோரமாக அடிக்கிறவருக்கு அது பெரிய லாபம். நடுவில் 0.914 மீட்டர் இருக்கிறதா என்று பார்க்க டேப் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்கே வைத்தால் ஏறத்தாழ அதே அளவு வரும். ஆட்டத்துக்கு அளவுகோல்தான் செல்லும் என்றாலும், இது தெரிந்த பையன் வலையைப் பார்த்ததுமே தொய்வைக் கண்டுபிடிப்பான்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். தனிநபர் போட்டிகளில் இல்லாத ஒன்று டேவிஸ் கோப்பையில் இருக்கிறது. அணித் தலைவர் களத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கம் மாறும்போதெல்லாம் ஆட்டக்காரரிடம் பேசுவார். வலையோரம் மண்டியிட்டிருக்கும் பிள்ளை அதிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கிறாள். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாத இடம் அது. சுவிட்சர்லாந்தின் ஃபெடரர் தன் சொந்த ஊரான பாசலில் பந்து எடுத்துக் கொடுத்த பையன்தான். அதே சுவிட்சர்லாந்தை 2025 செப்டம்பரில் பீல் நகரில் இந்தியா 3-1 என்று வென்றபோது, முதல் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் மதுரைக்காரரான தட்சிணேஸ்வர் சுரேஷ். ராமநாதன் கிருஷ்ணன் காலம் தொட்டு இந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் இது டிவியில் வரும் ஆட்டம்.

ஆட்டம் முடிந்த பிறகு பழைய பந்துகளையும் கேட்கிறோம். முதலில் ஏழு கேம், பிறகு ஒன்பது ஒன்பது கேமுக்கு ஆறு புதுப் பந்து. 25 கேம் ஆட்டத்துக்கு 18 பந்து, ஐந்து ஆட்டத்துக்குத் தொண்ணூறு. ஆனால் இவற்றைப் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தலைக்கு மேல் எகிறும், பிள்ளை ராக்கெட்டை முகத்துக்கு நேரே பிடிக்கப் பழகிவிடும். அவர்களுக்கு மெதுவாகத் துள்ளும் சிவப்புப் பந்து வேண்டும். முழுக் கோர்ட்டுக்கு ஓட்ட இடத்தோடு 120 அடிக்கு 60 அடி, அதாவது மூன்று கிரவுண்டு தேவை. எங்கள் பக்கம் எந்தப் பள்ளியில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது? சிவப்புப் பந்து ஆட்டத்துக்கு 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் வலை போதும். பள்ளியில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஷட்டில் கோர்ட்டுக்குள்ளேயே அது அடங்கும். வேறு நிறத்தில் கோடு போட்டால் அன்று மாலையே ஆடலாம்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க நீங்கள் வரும் நாளில் ஆறு பந்தும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் கொண்டு வாருங்கள். மைதானத்தைப் பெருக்கி, 12 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்போம்.

இப்படிக்கு,
வடசென்னை டென்னிஸ் பயிற்சியாளர்கள், நடுவர்கள், ஸ்ட்ரிங் கட்டுகிறவர்கள்